எங்க அக்கா கொலையைக் கதையாக்கி யூடியூப்ல போட்டிருக்காங்க. எடுக்க வைக்க வழி இருக்கா?

லேத்துக்காரன்:

வணக்கங்க. கோயம்புத்தூர் கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். சொந்த ஊர் ஈரோடு பக்கம். 2004ல எங்க அக்காவை வீட்டுக்குள்ளயே கொன்னுட்டு ஏழரைப் பவுன் எடுத்துட்டுப் போயிட்டாங்க. போலீஸ் பாஷையில ஆதாயக் கொலை. ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை, ஐகோர்ட்டும் உறுதி பண்ணிருச்சு. எங்களுக்கு அது முடிஞ்ச விஷயம். முடிஞ்சதுன்னா, வீட்ல யாரும் அதைப் பேசறதில்லைன்னு அர்த்தம்.

போன மாசம் அம்மா ரேஷன் கடை வரிசையில நின்னுருக்காங்க. முன்னாடி நின்ன பொண்ணு போன்ல ஏதோ க்ரைம் கதையை சத்தமா வச்சுக் கேட்டுட்டு இருந்திருக்கு. ஊர் பேரு வந்துச்சு, தெரு பேரு வந்துச்சு, அப்புறம் அக்கா பேரு. அம்மா பையைக் கீழ வச்சவங்க வச்சபடியே விட்டுட்டு வீட்டுக்கு நடந்து வந்துட்டாங்க. 71 வயசு. பையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

பட்டறையை அடைச்சுட்டு நான் உக்காந்து பாத்தேன். 22 நிமிஷம். முகப்புல அக்காவோட கல்யாண போட்டோ, கழுத்துல சிவப்பு வட்டம், ‘யாருக்காகக் கதவைத் திறந்தாள்?’னு தலைப்பு. குடிக்கத் தண்ணி கேட்டு வந்தவங்களுக்குத்தான் திறந்தா. தீர்ப்புலயே இருக்கு. இவன் அதைச் சொல்லிட்டு, ‘ஆனா அக்கம்பக்கத்துல வேற மாதிரி பேசிக்கிட்டாங்க’ன்னு ஒரு இழுப்பு இழுக்கறான். அவ கத்தின மாதிரி ஒரு பொம்பளைக் குரல் வேற. நடுவுல குக்கர் விளம்பரம்.

அன்னிக்கு அக்கா இட்லிக்கு மாவு ஆட்டி வச்சிருந்தா. போலீஸ் வீட்டைப் பூட்டிட்டு மூணாம் நாள்தான் திறந்து விட்டாங்க. மாவு பொங்கி, குண்டாவைத் தாண்டி வழிஞ்சு, சமையல் திண்ணையில ஓடு மாதிரிக் காஞ்சு கிடந்துச்சு. அம்மாதான் தோசைத் திருப்பியால சுரண்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்ல மாவு ஆட்டறதில்லை, பாக்கெட் மாவுதான். அந்த வீடியோக்காரனுக்கு இது தெரியாது. தெரியாம இருக்கறதும் நல்லதுதான், தெரிஞ்சா இதுக்கும் ஒரு மியூசிக் போட்டிருப்பான்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். நானும் இதெல்லாம் கேக்கற ஆளுதான். நைட்டு ஆர்டர் முடிக்கறப்ப காதுல இதுதான் ஓடும். ஆட்டோ சங்கர் கதையெல்லாம் மூணு தடவை கேட்டிருக்கேன், டீ குடிச்சுட்டே. அதனால எனக்கு இதைக் கேக்கற யோக்கியதை இருக்கான்னும் தெரியலை. சேனலுக்கு போன் போட்டா, ‘எல்லாம் பப்ளிக் ரெக்கார்டு சார்’னு வச்சுட்டான். அது நெசமா?

முன்சீப் கோர்ட் வாசல்:

பாதி நிஜம். நீங்க மூணு தடவை கேட்ட ஆட்டோ சங்கர் வச்சுத்தான் அந்தச் சட்டமே வந்தது. அவர் சிறையில எழுதின சுயசரிதையை நக்கீரன் போடப் போக, அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, ராஜகோபால் வழக்குன்னு உச்ச நீதிமன்றம் போய் 1994ல தீர்ப்பு வந்தது. ஒருத்தரோட குடும்பம், கல்யாணம் மாதிரி அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாம வெளியிடக் கூடாது, ஆனா நீதிமன்ற ஆவணம் மாதிரிப் பொது ஆவணத்துல இருக்கறதை வெளியிடலாம்னு அதுல சொல்லியிருக்கு. பாலியல் குற்றம், கடத்தல் மாதிரி வழக்குல பாதிக்கப்பட்ட பெண்ணோட பேருக்கு அப்பவே விலக்கு கொடுத்துட்டாங்க. உங்க அக்கா வழக்கு அந்த வகை இல்லை. அதனால தீர்ப்புல உள்ளதை அவன் வாசிச்சா நிறுத்தறது கஷ்டம். ‘இறந்தவரோட அந்தரங்க உரிமை’ன்னு போனாலும் நிக்காது. ஜெயலலிதா வாழ்க்கையை வச்சு எடுத்த படங்களை எதிர்த்து அவங்க அண்ணன் மகள் தீபா போட்ட வழக்குல, அந்த உரிமை வாரிசுக்கு இறங்காதுன்னு 2021ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ஆனா ‘வேற மாதிரி பேசிக்கிட்டாங்க’ எந்த ஆவணத்துலயும் இல்லையே. அங்க பிடிங்க. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 356, முதல் விளக்கம்: இறந்தவர் மேல, குடும்பத்தார் மனசு புண்படணும்னே அவதூறு சொன்னாலும் அது அவதூறுதான். ‘புண்படணும்னே’ங்கறதை நிரூபிக்கறதுதான் பாடு. இருந்தாலும் நோட்டீஸ் விட அது போதும்.

சீக்கிரம் வேலை ஆகணும்னா போட்டோவைப் பாருங்க. கல்யாண போட்டோ எடுக்கக் காசு கொடுத்தது யார்? வேற ஒப்பந்தம் இல்லைன்னா, பதிப்புரிமைச் சட்டம் 17(பி) படி காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் உரிமையாளர். யூடியூப்ல காப்பிரைட் புகார் போடுங்க. மானம் போச்சுன்னு சொன்னா கேக்காத சேனல், யூடியூப் கொடுக்கற எச்சரிக்கை, அதான் ஸ்ட்ரைக்குன்னா கேக்கும். யூடியூப் கைவிரிச்சா, குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுன்னு மத்திய அரசு வச்சிருக்கு, 30 நாளுக்குள்ள ஆன்லைன்ல போடலாம்.

ஸ்கிரிப்ட் அக்கா:

ரெண்டு வருஷம் இந்த மாதிரி சேனலுக்கு எழுதினேன், அதனால திட்டறதுன்னா திட்டுங்க. தீர்ப்பை இணையத்துல எடுப்போம். அதுல உங்க அம்மா பேருகூட வராது, ‘அ.சா.1’னுதான் இருக்கும். அரசு தரப்பு முதல் சாட்சி, பிணத்தை முதல்ல பாத்தவர். நான் அதை ‘அலறியடித்து ஓடி வந்தார்’னு எழுதுவேன். அலறினாங்களா, உறைஞ்சு போய் நின்னாங்களான்னு எனக்கெப்படித் தெரியும்? பிரேதப் பரிசோதனைப் பத்தியை அப்படியே தமிழ்ல போடுவோம், அந்த இடத்துலதான் ஆள் நகராம கேக்கறாங்கன்னு சேனல்ல சொல்வாங்க. குடும்பத்துக்கு ஒரு போன் பண்ணலாமேன்னு ஒரு தடவை கேட்டேன். ‘பண்ணா வேண்டாம்னுதானே சொல்வாங்க’ன்னார் எடிட்டர். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பெரிய இடத்துலயும் இதேதான். 2022ல நெட்ஃப்ளிக்ஸ்ல டாமர்ங்கற அமெரிக்கத் தொடர் கொலைகாரனைப் பத்தித் தொடர் வந்தப்ப, அவன் கொன்ன ஒருத்தரோட அக்கா 1992ல கோர்ட்ல குமுறினதை அதே உடை, அதே முடி, வார்த்தைக்கு வார்த்தை நடிகையை வச்சு எடுத்திருந்தாங்க. தன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலைன்னு அந்த அக்கா அப்புறம் சொன்னாங்க.

தனிக்குடித்தனம்:

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நான் தனியா இருக்கறவ. இந்த மாதிரி ஒண்ணைக் கேட்டுத்தான் கதவுக்குச் சங்கிலி போட்டேன். தண்ணி கேட்டா ஜன்னல் வழியா கொடுக்கறேன். மொத்தமா வேண்டாம்னு என்னால சொல்ல முடியலை. பேரு, ஊரு, போட்டோ இல்லாம சொன்னாலும் நான் சங்கிலி போட்டிருப்பேன்.

லேத்துக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. ஸ்கிரிப்ட் அக்கா, அம்மா அலறலை. என்னை மட்டும் ‘உள்ள வராத’ன்னு கையைக் காமிச்சாங்க, அவ்வளவுதான்.

வக்கீல் சார் சொன்னதும் ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். போட்டோக்காரருக்கு அப்பா பணம் கொடுத்த ரசீது அட்டையிலயே சொருகியிருந்துச்சு. ஆனா அந்தப் போட்டோ இருந்த பக்கம் காலி. அட்டையில பசை மட்டும் இருக்கு. ஆல்பம் ஆறு மாசம் பெரியப்பா பையன்கிட்ட இருந்துச்சு. சேனல்காரங்க ஊருக்கு வந்தப்ப டீ வாங்கிக் கொடுத்துப் பேசினதா அவனே பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சானாம், எங்களுக்குத்தான் தெரியலை.

காப்பிரைட் புகார் நேத்து ராத்திரி போட்டாச்சு. பெரியப்பா பையன் வீட்டுக்கு இன்னிக்கு சாயங்காலம் போறேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.