உதவி: ‘ஆத்தங்குடி டைல்ஸ் குளிர்ச்சி’ என்பதைக் கருதுகோளாக எழுதுவது எப்படி?

கானாடுகாத்தான் அம்மா:
மகள் எட்டாவது படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்கு, ‘ஆத்தங்குடி டைல்ஸ் தரைதான் நல்லது, உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று கருதுகோள் (சோதனைக்கு முன் எழுதும் ஊகம்) எழுதிக் கொடுத்தாள். சோதிக்க முடியாது, மாற்றி எழுது என்று டீச்சர் திருப்பிவிட்டார். கால் வைத்தாலே சில்லென்று இருக்கிறது, இதற்கு மேல் என்ன சோதனை? திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

தேவகோட்டைத் தம்பி:
அக்கா, ‘நல்லது’ என்பதை எதை வைத்து அளப்பீர்கள்? எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், இரண்டும் அந்த வாக்கியத்தில் தெரிய வேண்டும். ‘ஒரே அறையில் டைலின் வெப்பநிலை மரப்பலகையைவிடக் குறைவாக இருக்கும்’ என்று எழுதச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் போதும்.

பழைய இயற்பியல் வாத்தியார்:
தம்பி சொன்னது சோதிக்கக்கூடியதுதான், ஆனால் அநேகமாகப் பொய்த்துவிடும். ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த டைலும் பலகையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். காலிலிருந்து சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைத்தான் நாம் குளிர்ச்சி என்று உணர்கிறோம். ஆத்தங்குடி டைல் சூளையில் சுடாதது. கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த சிமெண்டும் மணலும். மரத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

அதனால் இப்படி எழுதலாம்: ‘டைல் மரத்தைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துமானால், அதன்மேல் வைத்த ஐஸ் கட்டி, பலகைமேல் வைத்ததைவிடக் குறைந்த நேரத்தில் உருகும்.’

தரையில் பதித்த டைல் வேண்டாம், அடியிலுள்ள மண்ணும் கணக்கில் சேர்ந்துவிடும். உதிரி டைல் ஒன்று, அதே கனத்தில் பலகை ஒன்று. ஐஸ் ஒரே தட்டில் உறைந்ததாக இருக்கட்டும். மரம் தண்ணீரை உறிஞ்சும், ஆகவே இரண்டின்மேலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். சில தடவை செய்து சராசரி எடுங்கள்.

கானாடுகாத்தான் அம்மா:
ஐயா, குளிர்ந்த கல்லில்தானே ஐஸ் அதிக நேரம் நிற்கும் என்று மகள் சண்டை போடுகிறாள்! அவள் சொல்வது தப்பாகிவிட்டால் மார்க் போகுமா?

பழைய இயற்பியல் வாத்தியார்:
அப்படியென்றால் அவள் சொன்னதையே எழுதட்டும் அம்மா. ‘டைல்மேல் மெதுவாக உருகும்’ என்பதும் சோதிக்கக்கூடியதுதான். தப்பாகலாம், அதில் குறையே இல்லை. நேரத்தைப் பார்த்த பிறகு கருதுகோளைத் திருத்துவதுதான் கூடாது.

தேவகோட்டைத் தம்பி:
‘உருகியது’ என்றால் எது வரை சார்? பாதியா, முழுசா?

பழைய இயற்பியல் வாத்தியார்:
நல்ல கேள்வி. கடைசித் துண்டும் கரைந்து வெறும் தண்ணீராகும்வரை. இதையும் தொடங்கும் முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும்.