அவிநாசியில் உட்கார்ந்துகொண்டு உலகக் காசநோயை ஒழிக்க முடியுமா?

அவிநாசித் தறி:
ஒரு சின்ன விஷயம்தான், நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே நாங்கள் பதினோரு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறோம். பனியன் கம்பெனி சூப்பர்வைசர், இரண்டு டெய்லர்கள், காலேஜ் பிள்ளைகள், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். ஐம்பது காசு அஞ்சலட்டையில் எம்.பி.க்கும் டெல்லி சுகாதார அமைச்சகத்துக்கும் எழுதுவது, சந்தையில் நின்று மற்றவர்களையும் எழுத வைப்பது, இதுதான் வேலை. இந்த மாதம் கேட்பது இரண்டு. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்காக 2002இல் தொடங்கிய உலக நிதியத்துக்கு இந்தியா தருகிற பங்கு குறையக் கூடாது. காசநோயாளிக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் அரசுச் செலவில் சத்துணவு வேண்டும்.

நேற்று ஒரு பெரியவர் அட்டையை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாமா தம்பி?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அது வேறு. ஆனால் அவர் சொன்னது சரியா?

நாமக்கல் பண்ணை:
சரிதானுங்க. அந்தப் பெரியவருக்கு என் கணக்கில் ஒரு டீ வாங்கிக் கொடுங்க. நான் கோழி பிடிக்கத் தெரிந்தவன், பண்ணையே வைத்திருக்கிறேன். நோயாளிகளுக்கு ஊர்க்காரர்கள் சாப்பாட்டுச் செலவை ஏற்கலாம் என்று 2022இல் நிக்ஷய் மித்ரா திட்டம் வந்ததே, அதில் ஆறு பேரை எடுத்திருக்கிறேன். தலைக்கு மாதம் இரண்டு டிரே, அறுபது முட்டை. அதில் ஒருத்தர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். முதல்முறை வந்தபோது தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன், 38 கிலோ. நாலாம் மாதம் 45. நானே நிறுத்தேன், நானே சாக்பீஸில் சுவரில் எழுதினேன். உங்கள் அட்டையால் எந்த ஊரில் யாருக்கு எத்தனை கிலோ ஏறியது? அதைச் சொல்லுங்க, நானும் எழுதுகிறேன்.

சிங்காநல்லூர் சீனி:
பண்ணைக்காரர் போட்டது போடு.

இன்னொன்றும் சொல்கிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டார், வெளிநாட்டு உதவி நின்றது. ஜூலை 1ஆம் தேதி, அந்த உதவியைக் கொடுத்துவந்த யு.எஸ்.எய்டு அமைப்பையே இழுத்து மூடிவிட்டார்கள். அந்த நாட்டில் நாற்பது வருஷமாக இதே மாதிரி கடிதம் எழுதும் கூட்டங்கள் உண்டு. அத்தனையும் எங்கே போயிற்று? அவிநாசிச் சந்தையிலிருந்து எழுதினால் மட்டும் நடந்துவிடுமா?

அவிநாசித் தறி:
சீனி அண்ணா, நீங்கள் சொல்லும் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். சாம் டேலி-ஹாரிஸ் என்பவர் 1980இல் ஆரம்பித்த ரிசல்ட்ஸ் அதில் ஒன்று. அதற்கு முன்பு அவர் பள்ளி பள்ளியாகப் போய்ப் பசியைப் பற்றிப் பேசியவர். சுமார் 7,000 மாணவர்களிடம் "உங்கள் தொகுதி உறுப்பினர் பெயர் என்ன?" என்று கேட்டாராம். 200 பேருக்குக் கூடத் தெரியவில்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள், அதே கதைதான். யாரிடம் கேட்பது என்றே தெரியாதவன் எதைக் கேட்பான் என்று அங்கிருந்து தொடங்கினார்.

அப்புறம் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே 2025 ஜூலையில் அமெரிக்கா வெளிநாடுகளில் நடத்தும் எச்.ஐ.வி. திட்டமான பெப்ஃபாரில் 40 கோடி டாலர் வெட்டுவதாக மசோதா வந்தது. செனட்டில் அந்த வெட்டை எடுத்துவிட்டார்கள். கடிதத்தால்தான் எடுத்தார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் தொகுதியில் யாருமே வாய் திறக்காத விஷயத்துக்காக எந்த அரசியல்வாதியும் தன் கட்சித் தலைவரைப் பகைத்துக்கொள்ள மாட்டான்.

நாமக்கல் அண்ணனுக்கு: கிலோக் கணக்கு என்னிடம் இல்லை. ஒரு விலைக் கணக்கு இருக்கிறது. சாதாரண மாத்திரைக்கு மசியாத காசநோய்க்கு பெடாகுவிலின் என்று ஒரு மருந்து. காப்புரிமையை நீட்டித்துக்கொள்ள அதைத் தயாரிக்கும் கம்பெனி நம் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டது. மும்பைப் பெண் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் எதிர்மனு கொடுத்தார்கள். இருவருமே காசநோயிலிருந்து பிழைத்தவர்கள், பழைய மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் தள்ளுபடி. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆறு மாத மருந்தின் சர்வதேசக் கொள்முதல் விலை 130 டாலர் வரைக்கும் இறங்கியது. முட்டை நல்லதுதான் அண்ணா. ஆனால் எத்தனை டிரே கொடுத்தால் அந்த மருந்தின் விலை இறங்கும்?

நாமக்கல் பண்ணை:
தம்பி, நல்ல கேள்விதான். ஆனால் நீங்க சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அந்த இரண்டு பெண்களும் வலி தின்றவர்கள். மாத்திரையின் கசப்பு, ஊசி போட்ட இடம் எல்லாம் தெரிந்து மனு கொடுத்தார்கள். உங்கள் பதினோரு பேரில் ஒருத்தராவது நோயாளியின் வீட்டு வாசல்படி ஏறியிருக்கிறீர்களா? அதுதான் என் கேள்வி. தெரியாத வலியைப் பற்றி அழகான கையெழுத்தில் எழுதினால் அது கட்டுரைப் போட்டி.

உக்கடம் வாத்தியாரம்மா:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். "நம் ஊர் நோய், உலக நோய்" என்று பிரித்துப் பேசுகிறீர்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் இருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும்தானே? பிளேக் 1896இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறி வந்து இறங்கிய நோய், அதற்கு முன்னால் ஹாங்காங்கில் இருந்தது. அங்கிருந்து வந்து இங்கே எத்தனை வீட்டைக் காலி செய்திருந்தால் சனங்கள் அதன் பெயரிலேயே அம்மனை வைத்துக் கும்பிட்டிருப்பார்கள்! 2021இல் இருகூரில் கொரோனா தேவி சிலை வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. அவ்வளவுதான், நீங்கள் தொடருங்கள்.

சிங்காநல்லூர் சீனி:
டீச்சர் சொல்வது சரித்திரம். கப்பலில் வந்த நோயை அட்டை எழுதியா விரட்டினார்கள்? தடுப்பூசியும் எலிப்பொறியும்தானே.

அவிநாசித் தறி:
நாமக்கல் அண்ணா, வாசல்படி என்று கேட்டீர்கள். ஏறியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கூட்டமே.

எங்கள் யூனிட்டில் அயர்ன் செக்‌ஷனில் ஒரு பையன், ஜார்க்கண்ட் பக்கம். லைன் வீட்டில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், ஷிப்டு மாற்றி அதே பாயில் படுப்பார்கள். இருமிக்கொண்டே வேலை செய்தான். நீராவி சூட்டினால் என்று நாங்களும் நினைத்தோம். சளியில் ரத்தம் வந்த அன்றைக்குத்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டி.பி. என்றார்கள், மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகத்தில் தெளிவு வந்தது. அடுத்த வாரமே தன்பாத் ரயிலேறிவிட்டான். ரூமில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தபோது அவன் போன் அணைந்து கிடந்தது.

அவனுக்கு அங்கே யார் முட்டை கொடுப்பார்கள் அண்ணா? உங்கள் டிரே நாமக்கல்லைத் தாண்டாது, அவன் நோய் தாண்டிவிட்டது. அவன் ஊர்ப் பக்கத்தில்தான், அதே ஜார்க்கண்டில், ஓர் ஆய்வு நடந்து 2023இல் முடிவு வந்தது. நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்! இதைப் படித்துவிட்டுத்தான் வீட்டாருக்கும் உணவு என்று அட்டையில் எழுதினோம்.

பெருந்துறை நர்ஸ்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் இன்னும் பஸ் ஸ்டாப்புக்குப் பேர் சானடோரியம்தான். ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்த இடம், இப்போது மெடிக்கல் காலேஜ். வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959இல் சென்னையில் செய்த ஆய்வு காட்டியது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக அதுவும் ஒரு காரணம். ஆகவே இங்கே நடப்பது அங்கே போகாது என்று யாரும் சொல்லாதீங்க.

போலியோவுக்கும் வருகிறேன், யாரும் அதை எடுக்கவில்லை. 1985இல் ரோட்டரிக்காரர்கள் தொடங்கியபோதும் இதே பேச்சுத்தான்: உலகத்துக்கே சொட்டு மருந்தா, நடக்கிற காரியமா? 1988இல் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் பிள்ளைகள் முடமானார்கள். நம் நாட்டில் கடைசிப் பிள்ளை 2011 ஜனவரி 13, ஹவுராவில். இன்று பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் இரண்டில்தான் அந்த வைரஸ் ஊன்றிக் கிடக்கிறது. பணம் திரட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவுந்தப்பாடிக் கரும்பாலையில் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளை யார் தேடிப் போனது? நாங்கள். தோளில் ஐஸ் பெட்டி. குப்பியின் லேபிளில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும், அது கருத்துவிட்டால் மருந்து வீண், அதைப் பார்த்துப் பார்த்துப் போடணும். பிள்ளையின் இடது சுண்டுவிரலில் மை. கதவில் எல்லோருக்கும் போட்டாச்சு என்றால் ஒரு குறி, பாக்கி என்றால் இன்னொரு குறி. பாக்கி வீட்டுக்கு மறுநாளும் போகணும், நாய் துரத்தினாலும் போகணும். பூத்தில் உட்கார வரும் வாலண்டியர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் காணாமல் போவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவிநாசித் தம்பிக்கு ஒரு கேள்வி. 2022இலிருந்து நம் மாநிலத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோயாளி வந்ததும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்கிறாரா என்று பார்த்து, ரொம்ப மோசமானவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். இதை மற்ற மாநிலத்துக்கும் கொடுங்கள் என்று உங்கள் அட்டையில் ஒரு வரி இருக்கிறதா? இல்லை. ஏனென்றால் உங்களில் யாருக்கும் இது தெரியாது. எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அவிநாசித் தறி:
அக்கா, வாயடைத்துப் போனேன். அந்த வரி இல்லை. உண்மைதான், தெரியாது.

சிங்காநல்லூர் சீனி:
நர்சம்மாவுக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் நான் மாறவில்லை. போலியோவுக்கு ஒரு சொட்டு மருந்து இருந்தது, வறுமைக்கு எந்தச் சொட்டு? உலகத்தில் 2023இல் காசநோய் வந்தவர்கள் 1 கோடியே 8 லட்சம், அதில் கால்வாசிக்கு மேல் நம் நாட்டில். இதில் உலக நிதியம், உலக உதவி என்று பேசுவதே கூச்சமாக இல்லையா? முதலில் நம் வீட்டுக் குறையைச் சரிசெய்வோம்.

நாமக்கல் பண்ணை:
சீனி, இந்த இடத்தில் நான் உங்களோடு இல்லைங்க. கால்வாசி நம்முடையது என்றால் கேட்க வேண்டியவர்களும் நாம்தானே. தறித் தம்பி சொன்ன அந்தப் பையன் விஷயம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

சரி, எனக்கு ஒரு நிபந்தனை. நோயாளியின் சாப்பாட்டுக்கென்று அரசு தரும் பணம் மாதம் 500 ரூபாய் என்று இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 33 ரூபாய், பண்ணை விலைக்கே ஐந்தாறு முட்டைதான், அது போகட்டும். என் ஆறு பேரில் இரண்டு பேருக்கு நாலு மாதமாகப் பணம் ஏறவில்லை. பாஸ்புக்கை நானே பார்த்தேன். மாத்திரை முடிந்த பிறகு வரும் சாப்பாட்டுக் காசு யாருக்கு? "மாதத்தின் பணம் மாதத்துக்குள் வர வேண்டும்" என்று முதல் வரியாகப் போடுங்க. உலக நிதியம் இரண்டாவது வரியில் இருக்கட்டும். அப்படிப் போட்டால் பண்ணையிலிருந்து நாற்பது கையெழுத்து வாங்கித் தருகிறேன். மாற்றிப் போட்டால் ஒன்றும் கிடையாது.

அவிநாசித் தறி:
முதல் வரியாகவே போடுகிறோம் அண்ணா. அக்கா சொன்னது மூன்றாவது. அட்டையில் இடம் பத்துமா என்றுதான் பார்க்கணும், வாத்தியாருக்குப் பெரிய பெரிய எழுத்து.

சிங்காநல்லூர் சீனி:
இன்லேண்டு லெட்டர் வாங்குங்க. அதற்கும் பதில் வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்க.

பெருந்துறை நர்ஸ்:
கடிதம் கிடக்கட்டும் தம்பி. அந்தப் பையனுக்கு மாத்திரை தொடங்கியபோது நிக்ஷய் எண் என்று நோயாளியின் பதிவு எண் ஒன்று கொடுத்திருப்பார்கள், சிகிச்சை அட்டையில் எழுதியிருக்கும். எந்த மாவட்டத்துக்குப் போயிருந்தாலும் அதை வைத்துச் சிகிச்சையை அங்கே மாற்றிவிடலாம். நாலு மாத மாத்திரை பாக்கி இருக்கிறது, இப்போதே நாளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தானே கூட்டிப்போனீர்கள், சீட்டு உங்களிடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பேரையோ நம்பரையோ இங்கே பொதுவில் போட்டுவிடாதீங்க.

அவிநாசித் தறி:
யூனிட் லாக்கரில் இருக்கும் அக்கா. காலையில் ஷிப்டு தொடங்கும் முன் எடுத்து அனுப்புகிறேன்.