விடுதலை பெற்ற அடிமைகளின் பள்ளிகளில் ஆசிரியர்களை யார் மேற்பார்வையிட்டார்கள்?

கேள்வி – முதுகலை மாணவி
அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். விடுதலை பெற்ற அடிமைகளுக்கு உதவ 1865 மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்ட அரசு அமைப்பான ஃப்ரீட்மென்ஸ் பீரோ, தென் மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் பள்ளிகளுக்கென ஒரு மேற்பார்வையாளரை அமர்த்தியது என்றும், அவர்களுக்கெல்லாம் மேலே ஜான் ஆல்வர்ட் இருந்தார் என்றும் படித்தேன். ஆனால் மேற்பார்வையாளர் ஓர் ஆசிரியரை நியமித்ததாகவோ சம்பளம் வழங்கியதாகவோ எங்கும் காணவில்லை. அப்படியானால் அவர் எதை மேற்பார்வையிட்டார்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – பழைய ஏடு
நீங்கள் தேடியது கிடைக்காததற்குச் சட்டமே காரணம். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பாணையை மீறி 1866 ஜூலை 16 அன்று நிறைவேறிய சட்டம், தொண்டு அமைப்புகள் அரசுக்குச் செலவு வைக்காமல் ஆசிரியர்களைத் தருமானால், பீரோ அவர்களுக்குக் கட்டடம் ஏற்பாடு செய்து கொடுக்கும் என்றே சொன்னது. அந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் பள்ளி மேற்பார்வையாளர்களின் சம்பளத்துக்கு 21,000 டாலரும், பள்ளிக் கட்டடங்களின் வாடகைக்கும் பழுதுபார்ப்புக்கும் 5,00,000 டாலரும் இருந்தன. பாடம் நடத்துபவரின் சம்பளத்துக்கென ஒரு செலவுத் தலைப்புகூட இல்லை. மேற்பார்வையிடுபவருக்கு அரசுச் சம்பளம், மேற்பார்வைக்கு உட்பட்டவருக்கு நன்கொடைப் பணம் என்ற இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் திரும்ப அழைத்ததும் அமெரிக்கன் மிஷனரி சங்கம் என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பைப் போன்றவைதாம். புகையிலை, அபின் பழக்கம் உள்ளவர்களையும், மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி அளிக்காதவர்களையும் அச்சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. சிடுசிடுப்பும் விளையாட்டுத்தனமும்கூடத் தகுதிக் குறைவாகவே எண்ணப்பட்டன. மேற்பார்வையாளரின் கையில் இருந்தது வாடகை. சங்கம் தனக்குச் சொந்தமான பள்ளிக் கட்டடத்தைப் பீரோவுக்கு வாடகைக்கு விட்டதாகக் கணக்கு எழுதி, அப்படி வந்த பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் இருந்தது. அதிகாரிகளுக்கு இது தெரியும், தெரிந்தே கையெழுத்திட்டார்கள். நேர்மைக் குறைவு என்று இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2 – படிவ வாசகர்
மேற்பார்வை உண்மையில் நடந்தது தாளில்தான். தென் மாநிலங்கள் முழுவதிலும் பீரோவின் முகவர்கள் எந்தக் காலத்திலும் 900 பேருக்கு மேல் இருந்ததில்லை. பள்ளி அவர்களுடைய பல வேலைகளுள் ஒன்று. ஆகவே ஆசிரியர்கள் மாதந்தோறும் ஓர் அச்சிட்ட படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. சேர்ந்தவர் எத்தனை பேர், சராசரி வருகை என்ன, 16 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், எழுத்து மட்டும் அறிந்தோர் எத்தனை பேர், கணக்கும் பூகோளமும் படிப்போர் எத்தனை பேர், தையல் கற்போர் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். போருக்கு முன்பே சுதந்திரமாக இருந்த மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.

கறுப்பர் பள்ளிகளைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் என்ன எண்ணம் நிலவுகிறது என்ற கேள்வியை அவசியம் பாருங்கள். 1866 மே மாதத்தில் மெம்பிஸ் நகரக் கலவரத்தில் 46 கறுப்பர்கள் கொல்லப்பட்டு, பள்ளிகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்ட காலம் அது. வருகைப் பதிவைவிட அந்த ஒரு கட்டத்தின் விடையே மேற்பார்வையாளருக்கு அவசரச் செய்தி என்பது என் கருத்து.

எண்களைக் கையாளும்போது கவனம் தேவை. 1870 ஜூலையில் 4,239 பள்ளிகள், 9,307 ஆசிரியர்கள், 2,47,333 மாணவர்கள் என்று பலரும் எடுத்தெழுதுவார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளில் 1,562, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமய வகுப்பு நடத்திய ஞாயிறு பள்ளிகள். ஆல்வர்டின் அரையாண்டு அறிக்கைகள் நாடாளுமன்றத்தையும் நன்கொடையாளர்களையும் மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

பதில் 3 – கடலோரத்தான்
மேலே எழுதிய இருவரும் அலுவலக நாற்காலியிலிருந்தே பார்க்கிறீர்கள். பீரோ வருவதற்கு முன்பே விடுதலை பெற்ற மக்கள் தாங்களாகப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அப்படிப்பட்டவை 500க்குக் குறையாது என்று ஆல்வர்டே எழுதினார். வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோவில், தாமே அண்மையில்தான் படிக்கத் தொடங்கியிருந்த இரண்டு கறுப்பின இளைஞர்கள் 150 பேரைச் சேர்த்து ஒழுங்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அங்கே எந்தப் படிவமும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

ஜார்ஜியாவின் சவானா நகரத்தைப் பாருங்கள். அங்கிருந்த கறுப்பின மக்கள் கல்விச் சங்கம் அமைத்து, தங்களுக்குள் பணம் திரட்டி, தங்கள் இன ஆசிரியர்களையே அமர்த்தினார்கள். முன்பு அடிமைகளை விற்ற பிரையன் சந்தைக் கட்டடத்திலேயே வகுப்பு நடந்தது. வடக்கிலிருந்து வந்த வெள்ளையர்கள் துணை ஆசிரியர்களாக இருக்கலாம், தலைமை தங்களிடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. மிஷனரி சங்கத்தின் சார்பில் வந்த மகில் பாதிரியாருக்கு அது ஒப்பவில்லை. இன்றும் பலர் மனதில் இருக்கும் சித்திரம் வடக்கிலிருந்து வந்த வெள்ளைப் பெண்மணிதான். பிற்கால ஆய்வுகளில் பெயர்ப் பட்டியல்களை எண்ணிப் பார்த்தபோது, விடுதலை பெற்றவர்களின் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பர் என்று தெரியவந்தது.

கேட்டவர் – முதுகலை மாணவி
மூவருக்கும் நன்றி. சவானாப் பூசலை என் கட்டுரையின் நடுவில் வைக்கலாம் என்று தோன்றுகிறது. மேற்பார்வையாளர்களில் தனித்துப் பார்க்க வேண்டியவர் எவரேனும் உண்டா?

பதில் 4 – பழைய ஏடு
ஜார்ஜியாவின் எட்மண்ட் வேர். 1867இல் அங்கே பள்ளி மேற்பார்வையாளரானவர், பின்னர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்து, உள்ளூர்க் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அதே 1867இல் பள்ளி ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜான் மெர்சர் லாங்ஸ்டனையும் விட்டுவிடாதீர்கள். ஆய்வாளர் என்ற முறையில் பள்ளிகளுக்குப் போன அவரே ஒரு கறுப்பின வழக்கறிஞர். அவருடைய தாய் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்.