உதவி: போட்டோ வெப்சைட்டில் விசாரணை நிறைய வருகிறது, வேண்டிய வாடிக்கையாளர் மட்டும் வருவதில்லை (கோத்தகிரி)

கோத்தகிரி_கேமரா:

வணக்கம். கோத்தகிரியில் கல்யாணப் படங்கள் எடுக்கிறேன். சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) நடக்கும் கல்யாணங்கள் ஒருவர் சொல்லி ஒருவர் என்று தானாகவே வந்துவிடும். வெப்சைட் வைத்திருப்பது வேறு ஆட்களுக்காக: சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து ஐம்பது அறுபது பேரோடு வந்து, எஸ்டேட் பங்களாவிலோ ஹோம்ஸ்டேயிலோ சின்னதாகக் கல்யாணம் செய்கிறவர்கள். கூடவே ஹோம்ஸ்டேகளுக்கு அறை, தோட்டம், சாப்பாடு என்று படம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் வேண்டும்.

ஆனால் வருவதெல்லாம் "ஊட்டி போட் ஹவுஸில் அரை மணி நேரம் எடுத்துத் தருவீங்களா", "ஒரு போட்டோ எவ்வளவு" என்கிற கேள்விகள். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் நான் அந்த வேலை செய்வதில்லை. கல்யாணத்துக்கு என்று கேட்பவர்களும் ரேட் சொன்னதும் பதில் போடுவதில்லை.

முகப்பில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஸ்லைடர் இருக்கிறது. கேலரியில் கல்யாணம், குழந்தைகள், பறவைகள், காட்டெருமை, மலை ரயில், தேயிலைத் தோட்டம் எல்லாம் உண்டு. விலை போடவில்லை. தொடர்புக்கு ஒரே ஒரு வாட்ஸாப் பட்டன். ஃபோனில் திறக்கவும் நேரம் எடுக்கிறது. முதலில் எதில் கை வைப்பது?

ஏரிச்சாலை_கொடை:

தம்பி, முதலில் கேலரியில் கை வையுங்கள். எந்தப் படத்தைக் காட்டுகிறீர்களோ அந்த வேலைதான் தேடி வரும். இங்கே கொடைக்கானலிலும் பல தளங்களில் முதல் படமே ஏரி, இல்லையென்றால் தூண் பாறை. அதைப் பார்த்து வருகிறவர் ஏரிக்கரையில் நான்கு படம் கேட்பார், வேறென்ன கேட்பார்? காட்டெருமையும் மலை ரயிலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்ஸ்டாகிராமுக்குப் போகட்டும்.

அந்த இடத்தில் இரண்டு மூன்று சின்னக் கல்யாணங்களை முழுதாக வையுங்கள். காலையில் சமையல் அடுப்பு மூட்டியதிலிருந்து இரவு விளக்கு வரை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். நல்ல வெயிலில் எடுத்ததை மட்டும் பொறுக்க வேண்டாம். மலையில் கல்யாணம் வைக்கிறவர்களுக்குப் பெரிய பயமே வானிலைதான். மூன்று மணிக்கே பனி மூடியபோது என்ன எடுத்தீர்கள், மழை வந்து எல்லாரும் வராந்தாவுக்குள் ஒதுங்கியபோது என்ன எடுத்தீர்கள், பழைய பங்களாவின் இருட்டு ஹாலில் முகங்கள் எப்படி வந்தன, இதையெல்லாம் காட்டுங்கள். நம்பிக்கை அங்கேதான் வரும்.

இன்னொரு பக்கம் கட்டாயம் எழுதுங்கள்: எந்த மாதம் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று. ஜூன், ஜூலை என்றாலே நீலகிரி முழுவதும் கொட்டும் என்று சென்னைக்காரர்கள் நினைக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும்போதும், தொட்டபெட்டா தடுத்து நிற்பதால் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் அந்த அளவு இருப்பதில்லை. உங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில், எங்களுக்கும் அப்படித்தான். தேதி குறிக்கும் முன்பே இதைத் தேடுகிறவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். இ-பாஸ் விஷயத்தையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அறுபது விருந்தினரைக் கூட்டி வருகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வலை_நெசவு_கோவை:

ஏரிச்சாலை அண்ணா சொன்னதுதான் அஸ்திவாரம். நான் வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வையுங்கள். ஃபோனில் பார்க்கிறவர் இரண்டாவது படம் ஓடி வரும்வரை காத்திருப்பதில்லை, ஆனால் எல்லாப் படமும் சேர்ந்துதான் இறங்கும். கேமராவிலிருந்து வந்த அளவிலேயே ஏற்றியிருந்தால் அதுதான் தாமதத்துக்குக் காரணம். நீளமான பக்கம் 2000 பிக்சல் போதும். வெப்-பி (WebP) என்கிற, ஃபைல் அளவைக் குறைக்கும் பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 400 கேபிக்குள் அடங்கும். எடிட்டிங் மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது நிற அமைப்பில் (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி (sRGB) தேர்ந்தெடுங்கள். அடோபி ஆர்ஜிபியில் போனால் சில திரைகளில் தேயிலைப் பச்சையும் பட்டுப்புடவைச் சிவப்பும் வெளுத்துத் தெரியும்.

கீழே இருக்கும் படங்களுக்கு லேசி லோடிங் போடுங்கள், அதாவது பார்ப்பவர் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும்போது மட்டும் படம் இறங்கும், ஆனால் மேலே இருக்கும் முதல் படத்துக்குப் போடக் கூடாது. பல தீம்கள் (தளத்தின் ரெடிமேட் வடிவமைப்புகள்) எல்லாவற்றுக்கும் சேர்த்தே போட்டுவிடும், அதைப் பார்த்து அணைக்க வேண்டும். முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்கிற கூகுள் கருவியில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால், எதனால் தாமதம் என்று காட்டும்.

அப்புறம் எழுத்து. வெறும் படம் மட்டும் இருக்கும் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்குச் சரியாகப் புரியாது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எந்த ஊர், எந்த மாதம், எத்தனை பேர், வெளிச்சம் எப்படி இருந்தது என்று இரண்டு மூன்று பத்தி எழுதுங்கள். படத்தின் ஆல்ட் டெக்ஸ்டில் (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மறைவான குறிப்பில்) "கோத்தகிரி எஸ்டேட் பங்களா வராந்தாவில் மாலை மாற்றும் மணமக்கள்" என்று இருப்பதை உள்ளபடி எழுதினால் போதும்.

வாட்ஸாப் பட்டனை எடுத்துவிட்டு ஒரு ஃபார்ம் வையுங்கள். தேதி, இடம், எத்தனை பேர், பட்ஜெட் கேட்டாலே பாதி வடிகட்டிவிடும்.

எஸ்டேட்_வீடு_குன்னூர்:

வாட்ஸாப்பை எடுக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குன்னூர் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன், கல்யாணத்துக்கு இடம் கேட்டு வருகிறவர்களோடு தினமும் பேசுகிறவள். பெண்ணின் அம்மா, மாமா இவர்கள்தான் முதலில் விசாரிப்பார்கள். அவர்கள் ஃபார்ம் நிரப்ப மாட்டார்கள், அடுத்தவரைத் தேடிப் போய்விடுவார்கள். பட்டன் இருக்கட்டும். அதை அழுத்தினால் "கல்யாணத் தேதி: , இடம்: , எத்தனை பேர்: " என்று முன்பே எழுதிய செய்தி திறக்கும்படி வைக்கலாமே.

இப்போது ஹோம்ஸ்டே வேலை பற்றி. கல்யாண கேலரியைப் பார்த்து நான் உங்களைக் கூப்பிட மாட்டேன் தம்பி, மாலையும் புகையும் பார்த்து என் அறை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. அதற்குத் தனிப் பக்கம் வேண்டும். நான் முதலில் பார்ப்பது ஜன்னல். உள்ளே கட்டிலும் தெரிய வேண்டும், வெளியே தோட்டமும் வெள்ளையாக எரிந்துபோகாமல் தெரிய வேண்டும். இரண்டாவது, உள்ள அறையை உள்ள அளவில் காட்டியிருக்கிறாரா என்பது. வைட் லென்ஸில் அறையை மண்டபம் மாதிரி காட்டினால் விருந்தினர் வந்து என்னிடம்தான் சண்டை போடுவார். மூன்றாவது, எத்தனை நாளில் தருவார், புக்கிங் தளத்துக்கு ஏற்ற அளவிலும் சேர்த்துத் தருவாரா. இந்த மூன்றும் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே கூப்பிடுவேன்.

கோத்தகிரி_கேமரா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்ன ஜன்னல் விஷயம் நேராக வேலைக்கு உதவும், என்னிடம் அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. வாட்ஸாப்பை அந்த மாதிரியே வைக்கிறேன், ஃபார்மும் கீழே இருக்கட்டும்.

இரண்டு கேள்வி பாக்கி. ஒரு நாள் கல்யாணத்துக்கு 45,000 ரூபாயிலிருந்து வாங்குகிறேன். அதை வெளியே போட்டால் யாரும் கூப்பிடவே மாட்டார்களோ என்று பயம். அப்புறம், வாடிக்கையாளர் படங்களைத் தளத்தில் போட அனுமதி எப்படி வாங்குவது?

ஏரிச்சாலை_கொடை:

போடுங்கள். "45,000 ரூபாய் முதல்" என்று ஒரு வரி, அதில் என்ன அடங்கும் என்று இன்னொரு வரி. மூன்று பேக்கேஜ் போட்டுப் பட்டியல் நீட்ட வேண்டாம். அழைப்பு குறையும்தான். இப்போது ரேட் கேட்டதும் காணாமல் போகிறவர்கள் கூப்பிடாமலே போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், இதில் சட்டமே இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான், எடுத்தவர் இல்லை. அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்தாகும் தாளில், தளத்தில் காட்டலாமா, எந்தப் படங்களை, குழந்தைகள் முகம் வரலாமா என்று சேர்த்துவிடுங்கள். ஹட்டிக் கல்யாணப் படங்களைப் போடுவதாக இருந்தால் மணமக்களோடு நிறுத்தாமல் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். சடங்குப் படம் வெளியூர் விளம்பரத்தில் வருவதை எல்லாரும் விரும்ப மாட்டார்கள்.

கோத்தகிரி_கேமரா:

முகப்புக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா? "இனிய நினைவுகளைக் காலத்தால் அழியாத ஓவியங்களாக்குகிறோம். கோத்தகிரி, குன்னூர் எஸ்டேட் பங்களாக்களிலும் ஹோம்ஸ்டேகளிலும் நடக்கும் சிறிய கல்யாணங்களைப் படம் எடுக்கிறேன். ஒரு நாளுக்கு 45,000 ரூபாய் முதல்."

வலை_நெசவு_கோவை:

முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், அது எந்த ஊர் ஸ்டுடியோவுக்கும் பொருந்தும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஆரம்பியுங்கள், அது உங்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. பக்கத்தின் டைட்டிலிலும் "கோத்தகிரி, குன்னூர் சிறிய கல்யாணப் புகைப்படங்கள்" என்று வரட்டும். பெங்களூர்க்காரர்களுக்காக இதே பக்கத்தை ஆங்கிலத்திலும் தனியாக வையுங்கள், இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம். மாற்றி முடித்ததும் கூகுளின் சர்ச் கன்சோல் என்கிற கருவியில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்று சில வாரங்களில் தெரியும். "போட் ஹவுஸ்" இன்னும் பட்டியலில் வந்தால், அது எந்தப் பக்கத்துக்கு வருகிறது என்று பார்த்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.