டியூஷன் வீட்டுக்குப் பிரிண்டர்: இங்க் டேங்கா, லேசரா?

செந்தூல் டீச்சர்:
வணக்கம். செந்தூலில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். தமிழ்ப்பள்ளி நாலாம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 40 பேர். ஒருவருக்கு வாரம் 8 பக்கம் பயிற்சித்தாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. அறிவியல் படங்களும் நற்சான்றிதழும் மட்டும் கலர். விடைத்தாள்களை ஸ்கேன் செய்து பெற்றோருக்கு வாட்சப்பில் அனுப்பவும் வேண்டும். இப்போது இருப்பது சின்ன கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். பள்ளி விடுமுறை முடிந்து எடுத்தால் எழுத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. கார்ட்ரிட்ஜ் வாங்கியே காசு கரைகிறது. கையில் 1,200 வெள்ளி (ரிங்கிட்) வரை இருக்கிறது. லோயாட் கணினிக் கடைத்தொகுதியில் ஒரு கடையில் பாட்டில் மை ஊற்றும் டேங்க் என்கிறார்கள், அடுத்த கடையில் லேசர் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்:
கண்ணை மூடிக்கொண்டு கறுப்பு வெள்ளை லேசர் எடுங்கள், டீச்சர். டோனர் தூள்தானே, காய்ந்து போக அதில் ஒன்றுமில்லை. இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் முதல் தாளே பளிச்சென்று வரும். பிரதர் டிசிபி-எல்2550டிடபிள்யூ மாதிரி ஒன்றில் நிமிடத்துக்கு 34 பக்கம், இருபக்க அச்சு, ஸ்கேன் செய்யத் தாள்களைத் தானே இழுக்கும் 50 தாள் ஏடிஎஃப் எல்லாமே உண்டு. தாள் ஈரமானாலும் எழுத்து கரையாது. கலர் வேண்டியதை அச்சகத்தில் கொடுத்துக்கொள்ளலாம்.

பிறை சர்வீஸ்:
அண்ணன் சொல்வது வக்கீல் ஆபீசுக்குப் பொருந்தும். டீச்சருக்கு மாதச் செலவைப் பார்க்க வேண்டும்.

40 பேர், 8 பக்கம், 4 வாரம். மாதம் 1,280 பக்கம். எச்பி 680 போன்ற சின்ன கறுப்பு கார்ட்ரிட்ஜின் கணக்கே 480 பக்கம்தான், கலர் 150. மாதம் மூன்று கறுப்பு போகும். காசு கரைவது இதனால்தான். பிரிண்டரில் பழுது இல்லை.

லேசருக்கு வருவோம். அண்ணன் சொன்ன மாடலில் டோனரும், அந்தத் தூளைத் தாளில் பதிக்கும் டிரம் உருளையும் தனித்தனி. டிஎன்-2480 டோனர் 3,000 பக்கம், டிஆர்-2455 டிரம் 12,000 பக்கம். கடைக்காரர் டோனர் விலையை மட்டும் சொல்வார். நீங்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, அசல் டோனர் 240 வெள்ளி என்றால் பக்கத்துக்கு 8 காசு. டிரம் 360 வெள்ளி என்றால் இன்னும் 3 காசு. 1,280 பக்கத்துக்கு மாதம் 140 வெள்ளி. அந்த 3,000 பக்கம் என்பதும் தாளில் ஏறக்குறைய 5 விழுக்காடு இடம் கறுப்பாகும் சோதனைப் பக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. நாலாம் ஆண்டுப் பயிற்சித்தாளில் எழுத்து பெரிது, கட்டங்கள், படங்கள் வேறு. 10 விழுக்காடு தொட்டால் டோனர் பாதியில் முடியும்.

டேங்கில் எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம். பாட்டில் 36 வெள்ளி என்று வைத்தாலும் பக்கத்துக்கு ஒரு காசுகூட ஆகாது. முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும், அதனால் முதல் பாட்டில் சீக்கிரம் இறங்கும். பயப்படாதீர்கள்.

வாரந்தோறும் அச்சடிப்பவருக்கு டேங்க்தான். ஆனால் எல்லா டேங்கும் ஒன்றல்ல. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கறுப்பு மை பிக்மென்டா (நுண்துகள் மை), டையா (கரைந்த சாய மை)? எப்சன் எல் 3210, எல் 3250, எல் 5290 மூன்றும் 003 மை, கறுப்பும் டை. பிள்ளை ஹைலைட்டரை இழுத்தால் எழுத்து கூடவே இழுபடும், தண்ணீர் சிந்தினால் பரவும். எப்சன் 001, கேனன் ஜிஐ-71, பிரதர் பிடிடி60 ஆகியவற்றில் கறுப்பு பிக்மென்ட். பயிற்சித்தாளுக்கு அதுதான் சரி.

இருபக்க அச்சு தானாக நடக்கிறதா? எல் 5290-இல் ஏடிஎஃப் உண்டு, தானியங்கி இருபக்க அச்சு இல்லை. எல் 4260-இல் இருபக்கம் உண்டு, ஏடிஎஃப் இல்லை. பிரதர் டிசிபி-டி720டிடபிள்யூவில் இரண்டும் உண்டு. உங்கள் வேலைக்கு நான் சொல்வது இதுதான்.

கழிவு மை எங்கே போகிறது? மை தெளிக்கும் தலையை (பிரிண்ட் ஹெட்) சுத்தம் செய்யும்போது வரும் மையை உள்ளே ஒரு பஞ்சு உறிஞ்சும். அது நிறைந்த கணக்கு வந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். எல் 3250 வகையில் சர்வீசுக்குக் கொண்டுபோக வேண்டும். கேனன் ஜி3020-இல் கழிவு மைப் பெட்டியை நாமே மாற்றலாம்.

பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்:
கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுமுறையில் தலை காய்ந்தால்? டீச்சரின் முதல் குறையே அதுதானே.

பிறை சர்வீஸ்:
பெரும்பாலும் காய்வது சுவிட்சால். சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைக்காதீர்கள். அப்படி அணைத்தால் தலை தன் மூடிக்குப் போய் உட்காராமல் பாதி வழியில் திறந்தபடி நிற்கும். பிரிண்டரின் பட்டனை அழுத்தி, விளக்கு முழுக்க அணையும்வரை காத்திருங்கள். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடியுங்கள்.

கோடு விழுந்தால் முதலில் நாசில் செக், அதாவது மைத் துளைகளைச் சோதிக்கும் பக்கம். அதில் கோடுகள் விட்டுவிட்டு வந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் (தலைச் சுத்தம்). எல் 3250 வகையில் மூன்று முறை செய்தும் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி அடங்க நேரம் வேண்டும். பிறகுதான் பவர் கிளீனிங் என்ற பலத்த சுத்தம், அதற்கும் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு மை இருக்க வேண்டும். பத்துத் தடவை தொடர்ந்து கிளீனிங் அடித்தால் மையும் போகும், பஞ்சும் நிறையும்.

பட்டர்வொர்த் ஸ்டேஷனரி:
தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் ஊர் ஈரப்பதத்துக்கு ரீமைப் பிரித்து வெளியே வைத்தால் தாள் அலை அலையாக வளையும், இரண்டு மூன்றாக ஒட்டி இழுக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் டிரேயில் போடுங்கள். மிச்சத்தை உறையோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். இருபக்கம் அடிக்க 80 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) வாங்குங்கள்; 70-இல் பின்பக்க எழுத்து தெரியும். போடும் முன் கட்டை ஒருமுறை விசிறிவிடுங்கள்.

செந்தூல் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. டி720 பார்க்கிறேன். ஏடிஎஃப்பில் விடைத்தாள் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிறை சர்வீஸ்:
அதில் ஏடிஎஃப் 20 தாள், ஒரு பக்கம் மட்டும்தான் படிக்கும். ஸ்டேப்பிள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கரெக்‌ஷன் மை முழுக்கக் காய்ந்த பிறகே போடுங்கள். மூடியைத் திறந்தால் பெரிய கண்ணாடியின் இடப்பக்கம் விரல் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை தெரியும். ஏடிஎஃப் அந்தப் பட்டை வழியாகத்தான் படிக்கிறது. அதில் கடுகளவு கரெக்‌ஷன் மை ஒட்டினாலும் எல்லாத் தாளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு வரும். கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்தால் கோடு இல்லை, ஏடிஎஃப்பில் மட்டும் வருகிறது என்றால் இதுதான் காரணம். மெல்லிய துணியில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வாட்சப்புக்கு 200 டிபிஐ, கிரே, பிடிஎஃப் போதும்.

வைஃபை இணைக்கும்போது ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரையும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரையும் பிரித்து வைத்து 2.4-இல் சேருங்கள், இந்த வகை பிரிண்டர் பலவற்றுக்கு 5 தெரியாது. பிரிண்டரின் ஐபி எண்ணை (வீட்டு வைஃபையில் அதன் முகவரி) ரூட்டரிலேயே நிலையாக்கிவிட்டால், சில நாள் கழித்து கணினி ஆஃப்லைன் என்று காட்டும் தொல்லையும் குறையும்.

செந்தூல் டீச்சர்:
ஒன்றே ஒன்று பாக்கி, அண்ணே. சில பழைய பயிற்சித்தாள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி அச்சாகின்றன. சிலதில் வெறும் கட்டம். புது பிரிண்டரில் சரியாகுமா?

பிறை சர்வீஸ்:
பிரிண்டரை மாற்றி அது தீராது, டீச்சர். கோப்பைத் திறந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். தட்டச்சு செய்த கணினியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், எழுத்துரு உள்ளேயே வந்துவிடும். திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் சிதறினால், அக்ரோபாட் ரீடரில் பிரிண்ட், அட்வான்ஸ்டு, பிரிண்ட் அஸ் இமேஜ் என்று போய் டிக் செய்து அடியுங்கள். அச்சு கொஞ்சம் மெதுவாகும், எழுத்து அசையாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை ஒரு விடுமுறையில் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். கைப்பேசியிலிருந்து நேராக அடிக்க அதுதான் வழி.