முடி கொட்டினால் முதலில் வயிற்றைப் பார்ப்பதா, ரத்தத்தைப் பார்ப்பதா?

மாதுளை:
எனக்கு வயது 34. சேலம் பக்கத்துக் கிராமம். நான்கு மாதமாகத் தலை வாரினால் சீப்பில் ஒரு பந்து முடி, குளித்தால் தரையில் இன்னொரு பந்து. நகமெல்லாம் காகிதம் போல மெலிந்துவிட்டது. கட்டைவிரல் நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் அங்கேயே நிற்கிறது. முகமும் வெளிறிப் போய்விட்டது.

நாத்தனார் ஒரு காணொளி அனுப்பினார். குடலைச் சுத்தம் செய்தால் முடி, நகம், தோல் மூன்றும் தானாகச் சரியாகுமாம். 21 நாள் குடிக்க ஒரு பொடி, விலை 3,200 ரூபாய். வீட்டுக்காரர் வாங்கிக்கொள் என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேம்பு:
சகோதரி, அந்தப் பொடி வேண்டாம். ஆனால் வயிற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பது சரியான பேச்சு. நான் 12 வருடம் முகப்பருவோடு போராடியவன். தடவாத களிம்பு இல்லை. பரோட்டா, பேக்கரி பலகாரம், பால், சர்க்கரை நான்கையும் விட்டு, காலையில் பழைய சோறும் மோரும் என்று மாறினேன். ஒரு மண்டலத்தில் முகம் தெளிந்தது.

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1930லேயே மனக்கவலை குடல் நுண்ணுயிர்களை மாற்றும், அதிலிருந்து தோலில் அழற்சி வரும் என்று எழுதினார்கள். பப்புவா நியூ கினியாவில் கிட்டாவா என்று ஒரு தீவு. கிழங்கு, பழம், மீன், தேங்காய்தான் அங்கே சாப்பாடு. 1,200 பேரைப் பரிசோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட முகப்பரு இல்லை. கோதுமை சேராத சீலியாக் நோய்க்காரர்களில் சிலருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளம் வரும். கோதுமையை அடியோடு நிறுத்தினால் அது அடங்கும். குடலுக்கும் தோலுக்கும் உறவு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

பரிசோதனை, மாத்திரை என்று அலைவதற்கு முன் 48 நாள் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். காசும் மிச்சம்.

ரத்தக்குழாய்:
நான் 18 வருடமாக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேம்பு சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம். கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாதுளை, 48 நாள் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ரத்தம் கொடுங்கள்.

நகம் குழிந்து தண்ணீர் நிற்கிறது என்றீர்களே, அதற்குக் கரண்டி நகம் என்று பெயர். இரும்புச் சத்துக் குறைவுக்கு மருத்துவர்கள் கையைப் பிடித்துப் பார்க்கும் பழைய அடையாளம் அது. முகம் வெளிறியதும் அதோடு பொருந்துகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சரிபாதிக்கு மேல்! அப்படியிருக்க, குடல் நுண்ணுயிரில் இருந்து ஏன் தொடங்க வேண்டும்?

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். அது உடம்பின் இரும்புச் சேமிப்பு. நெல் குதிர் காலியாகும்வரை அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதுபோல ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு தீர்ந்திருக்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூடவே தைராய்டும் பி12உம் பாருங்கள்.

இன்னொன்று. யாராவது பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை கொடுத்திருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முடிக்கு என்று விற்கும் மாத்திரையில் 10,000 இருக்கிறது. அந்த அளவு உள்ளே போனால் சில கருவிகளில் தைராய்டு முடிவே தலைகீழாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் தப்பாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேம்பு:
இரும்புக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். ஏன் குறைந்தது? நம் வீட்டில் கீரை இல்லையா, கேழ்வரகு இல்லையா? சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை. சேர வேண்டிய இடம் குடல். தானியத்தில் உள்ள ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் அது குறையும். நம் பாட்டிகள் இதைத்தான் செய்தார்கள். பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நீங்கள் மாத்திரை கொடுத்து அந்த நெல் குதிரில் இரும்பை நிரப்பலாம். அடியில் ஓட்டை இருந்தால்?

ரத்தக்குழாய்:
ஓட்டை இருக்கிறதா என்று தேடச் சொல்கிறேன். எங்கே என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பூசிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய சோறு நல்ல சாப்பாடு, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அந்த ஆராய்ச்சி குடல் நோய்க்கானது. அதை வைத்து முடி வளரும் என்று நாம் சொல்லக் கூடாது.

உங்கள் முகப்பரு குறைந்ததையும் நம்புகிறேன். 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் இன்சுலின். நீங்கள் மைதாவையும் சர்க்கரையையும் விட்டதற்கே முகம் தெளிந்திருக்கலாம்.

சீலியாக் பற்றி ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தம் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

காவிரிக்கரை:
என் மனைவிக்கு டெங்கு வந்து மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டியது. கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினிப் பத்தியம் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் இப்படி நடக்கும், ஆறு மாதத்தில் தானாக நிற்கும் என்றார் மருத்துவர். அப்படியே நின்றது. நடுவில் அவள் ஒரு எண்ணெய், ஒரு லேகியம், ஒரு சாறு மூன்றையும் பார்த்தாள். கடைசியாகக் குடித்த சாற்றுக்குத்தான் வீட்டில் எல்லோரும் நன்றி சொன்னார்கள். வேம்பு ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதனால் சரியானது என்று நம் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம்.

செவிலி அக்கா:
மாதுளை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் மூன்று கேள்வி கேட்கிறேன். கூச்சப்படாமல் பதில் சொல்லம்மா. மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா? செருப்பில்லாமல் காட்டில் வேலை செய்கிறாயா? டீ எப்போது குடிக்கிறாய்?

வேம்பு தம்பி சொல்கிற ஓட்டையும் இதில்தான் இருக்கிறது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே நுழையும். சிறுகுடலில் கடித்துக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். எத்தனை கீரை தின்றாலும் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். குடலில் நுண்ணுயிரைத் தேடுகிறவர்கள் புழுவை மறந்துவிடுகிறார்கள். 2015 முதல் பள்ளிகளில் பிப்ரவரி 10 அன்று அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் தேசியத் திட்டப்படி அது 19 வயதுவரைதான், தமிழ்நாட்டில் பெண்களுக்கு 30 வயதுவரை. களை பறிக்கும் அம்மாவை யார் கேட்கிறார்கள்?

மாதுளை:
அக்கா, ஏழு நாள் போகும். முதல் மூன்று நாள் ரொம்ப அதிகம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மரவள்ளிக் காட்டில் வெறுங்கால்தான். டீ ஒரு நாளைக்கு நான்கு தடவை, காலை டிபனோடு கண்டிப்பாக ஒன்று.

மலைவேம்பன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 58. சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 9 வருடம், நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை 5 வருடம். விரல் கணுவெல்லாம் கறுத்து, பாதம் மரத்துப் போனது. வெயில் என்று நினைத்தேன். பி12 குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாத்திரையுமே பி12 சேர்வதைக் குறைக்குமாம். ஊசி போட்ட பிறகு கணுவின் கறுப்பு மெல்ல வெளுத்தது. வயிற்றுக்கும் தோலுக்கும் உறவு உண்டு என்பதற்கு நானே சாட்சி. ஆனால் என்ன குறை என்று ரத்தம்தான் சொன்னது.

வேம்பு:
சரி, பரிசோதனை செய்யட்டும். 48 நாள் காத்திருக்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கரண்டி நகம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பாட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரை மூன்று மாதம். சாப்பாடு ஆயுளுக்கும்.

ரத்தக்குழாய்:
அதில் சண்டையே இல்லை. சத்து என்று சொல்லி எதையும் அளவில்லாமல் விழுங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டத்தில் 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் 200க்கும் மேற்பட்டவர்களுக்குச் சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. ரேஷன் கோதுமையில் செலினியம் மிக அதிகமாக இருந்ததே காரணம் என்றார் தேள்கடி ஆராய்ச்சியால் பெயர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செலினியம் உடம்புக்கு வேண்டிய சத்துதான். கூடினால் முடியும் கொட்டும், நகமும் கெடும்.

மாதுளை:
முடிவு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 6. தைராய்டும் பி12உம் சரி. இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பொடி வாங்கவில்லை. மாத்திரை போட்டால் வயிறு பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடட்டுமா?

செவிலி அக்கா:
நிறுத்தாதே. கறுப்பு இரும்பின் நிறம், அதற்குப் பயப்படாதே. பிரட்டல் தாங்கவில்லை என்றால் சாப்பிட்ட பிறகு போடு, இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். டீ இரும்பைச் சேரவிடாது, அதை மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வை. அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடு. அந்தப் பங்கு மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடாமல் உன் தட்டுக்கு வரட்டும். காட்டுக்குச் செருப்பு.

ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை விட்டுவிடுவார்கள், அதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. சேமிப்பு நிறைய இன்னும் சில மாதம் ஆகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், நகம் அதையும்விட மெதுவாக மூன்று மில்லிமீட்டர். இன்றைக்குக் கட்டைவிரலைப் படம் எடுத்து வை. முதலில் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, தட்டையாக ஒரு கீற்று வரும். வந்ததும் இங்கே சொல்.

வேம்பு:
மரவள்ளிக் கிழங்குக்குப் பதில் வாரம் மூன்று நாள் முளைகட்டிய பயறும் முருங்கைக்கீரையும் சேருங்கள் சகோதரி. கீரைக்கு எலுமிச்சை பிழியுங்கள். ஸ்கேன் முடிவையும் எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.