எங்கள் ஊர் விமானத்தை வைசாக்கில் பார்த்தேன்

விசாகப்பட்டினம் என்றாலே எல்லோரும் கைலாசகிரி மலையைத்தான் சொல்கிறார்கள். நாங்களும் ரோப் காரில் ஏறினோம், பெரிய வெள்ளைச் சிவன் பார்வதி முன்னால் படம் எடுத்தோம், குட்டி ரயிலில் மலையைச் சுற்றினோம். அங்கிருந்து கடற்கரை வளைந்து போவது தெரியும், அழகுதான். ஆனால் எனக்கு மறக்காதது கீழே ஆர்.கே. பீச்சில் நடந்தது.

பெரியவனுக்கு அங்கே அருங்காட்சியகமாக நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க வேண்டும். போய் நின்ற நாள் திங்கட்கிழமை. விடுமுறை! விசாரிக்காமல் போனது என் தப்பு. கடற்கரையில் முரி மிக்ஸர் (பொரி மிக்ஸர்தான்) வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

மறுநாள் போனோம். ஐஎன்எஸ் குர்சுரா, 91 மீட்டர் நீளம். 1969இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, 2001இல் ஓய்வுபெற்ற கப்பல். உள்ளே ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டமான ஓட்டை ஒன்றுதான் வாசல். முதலில் ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, அப்புறம் மற்ற காலை இழுக்க வேண்டும். என் தொப்பையோடு அது பெரும்பாடு. பின்னால் வரிசை நின்றுவிட்டது. சுவரெங்கும் குழாய், வால்வு, மீட்டர். அதற்கு நடுவே ரயில் பெர்த்தை விட ஒடுக்கமான படுக்கை. இதில் மாதக்கணக்கில் ஆள் இருந்திருக்கிறான்.

வெளியே வந்து மூச்சு விட்டு நிமிர்ந்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் அது நின்றது. டியு-142, கடற்படையின் ரோந்து விமானம்.

நான் அரக்கோணத்துக்காரன். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து இந்த விமானங்கள் கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி வரை அதிரும். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு அடுக்கு விசிறி. அதனால்தான் அந்தச் சத்தம். படிக்கிற பையன் என்ற மரியாதைகூட அதற்குக் கிடையாது, பரீட்சை சமயத்திலும் உறுமிக்கொண்டு போகும். 2017 மார்ச்சில் எங்கள் ஊரில்தான் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றை இங்கே கொண்டுவந்து அந்த டிசம்பரிலேயே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

அத்தனை வருஷம் அண்ணாந்தே பார்த்ததன் வயிற்றுக்கு அடியில் நின்றேன். சக்கரம் என் இடுப்புக்கு மேல் வந்தது. உள்ளே ஏறினால் ஆச்சரியமாக இடமே இல்லை, எல்லாம் கருவிகள். சின்னவள் "அப்பா, இது ஏன் சத்தமே போடல?" என்றாள். என்ன சொல்வது!

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு விமானத்தை முழுதாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுதானாடா? உன் தம்பி தொட்டில்ல தூங்கினா போதும், உடனே வந்துரும். இப்ப நல்லா நிக்கட்டும்."